கைப்பேசி உறை பிளந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? பட்டர்வொர்த் அன்பருக்கு ஒரு விரிவான பதில்

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் அன்பர் எழுதியதன் சாரம் இது: இணையச் சந்தைத் தளம் ஒன்றில் 149 ரிங்கிட் கொடுத்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கைப்பேசி உறையை வாங்கியிருக்கிறார். நான்காம் மாதத்தில் அதன் கீழ்மூலை பிளந்தது, பின்புறத்துக் காந்த வளையமும் பெயர்ந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால், "உத்தரவாதம் தயாரிப்பாளருடையது, அவர்களிடமே கேளுங்கள்" என்கிறார். தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் தானியங்கிப் பதில் ஒன்று வந்ததோடு சரி, மூன்று வாரமாக ஓசையில்லை. "இவர்களுடைய வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசி எண் யாருக்காவது தெரியுமா? எனக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது" என்று கேள்வி முடிகிறது. எண்ணைத்தான் கேட்டிருக்கிறார் என்றாலும், எண் கிடைத்துவிட்டால் அவருடைய சிக்கல் தீர்ந்துவிடாது. இந்த உறைக்குப் பதில் சொல்லும் கடமை உண்மையில் யாருக்கு இருக்கிறது, அவரிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதே அவர் அறிய வேண்டியது. நான் அதற்கே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது அதைப் பொறுத்தது. கோலாலம்பூரில் கைப்பேசித் துணைப்பொருள்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினோர் ஆண்டு வேலை செய்தேன். முதல் இரண்டாண்டு புக்கிட் பிந்தாங் பகுதியில் கடை முகப்பில் நின்றேன். மீதி ஒன்பதாண்டு, உடைந்ததும் உரிந்ததும் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்தேன். ஆகவே ஒரு புகார் உள்ளே நுழைந்த பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதை அனுபவத்தால் அறிவேன். சட்டத்தைப் பொறுத்தவரை நான் வழக்குரைஞன் அல்லன். வேலையின் பொருட்டு அடிக்கடி புரட்ட நேர்ந்த பிரிவுகளை மட்டுமே இங்கே தொடுகிறேன். உங்கள் உறையைக் கையில் வாங்கிப் பார்க்காமல், அது தயாரிப்புக் குறையா, பயன்பாட்டில் நேர்ந்த சேதமா என்று தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். அதை நீங்களே ஓரளவு கண்டறியும் வழியைச் சொல்ல முடியும்.

முதலில் அந்தத் தொலைபேசி எண். உறை செய்யும் நிறுவனங்களில் பெரும்பாலானவை மலேசிய வாடிக்கையாளர் அழைத்துப் பேசத்தக்க எண் எதையும் வைத்திருப்பதில்லை. நூறு, நூற்றைம்பது ரிங்கிட் பொருளுக்காக ஓர் ஊழியரை நாள் முழுவதும் தொலைபேசியில் உட்கார வைப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வலைத்தளத்தில் நிரப்பும் படிவம், ஒரு மின்னஞ்சல் முகவரி, அரட்டைப் பெட்டி ஆகியவையே வாசல்கள். அவற்றுள்ளும் உத்தரவாதக் கோரிக்கைக்கெனத் தனிப் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். படிவத்தில் வருவது மாதிரிப் பெயர், வாங்கிய தேதி, கடை என்று பிரிந்து நேராக உரியவரிடம் போகும். மின்னஞ்சலோ பொதுப் பெட்டியில் விளம்பரக் கடிதங்களோடு கலந்து கிடக்கும். எண் இல்லாதது ஏமாற்றின் அறிகுறியாகாது. தேடுபொறியிலோ சமூக ஊடகத்திலோ அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் உள்ளூர்க் கைப்பேசி எண் "சேவை மையம்" என்று கிடந்தால், சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிக் கடவுச்சொல்லையோ, நாம் டேக் என்று அழைக்கும் ஒருமுறை எண்ணையோ கேட்பவரும், ஏதோ ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்பவரும் உறை நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். பதற்றத்தில் கொடுத்துவிட்டால், காத்திராமல் உங்கள் வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள்.

இனி, யார் பதில் சொல்ல வேண்டும் என்பது. உங்கள் உறை உங்களிடம் வந்து சேர்வதற்குள் பொதுவாக நான்கு கைகளைக் கடந்திருக்கும்: பெயருக்குரிய வெளிநாட்டு நிறுவனம், அதை மலேசியாவுக்குள் கொண்டுவந்த இறக்குமதியாளர், உங்களுக்கு விற்ற கடைக்காரர், அந்த விற்பனை நடந்த இணையத் தளம். "தயாரிப்பாளரிடம் கேளுங்கள்" என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் கையைக் காட்டுவது முதல் ஆளை நோக்கி. ஆனால் நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு எளிதாகக் கடைக்காரரை விட்டுவிடுவதில்லை. அச்சட்டத்தின் 32-ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தைச் சட்டமே விற்பனையோடு சேர்த்துத் தருவதாக வைத்திருக்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தின் ஒரு பகுதி. பொருளின் தன்மை, விலை, பெட்டியின்மீது எழுதப்பட்ட வாசகங்கள் ஆகியவற்றைக் கருதி, நியாயமான ஒருவர் எவ்வளவு எதிர்பார்ப்பார் என்பது அளவுகோல். இந்த உத்தரவாதத்துக்கு முதலில் பொறுப்பாளி விற்றவர்தான். சரிசெய்யக்கூடிய குறை என்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். குறை பெரிதென்றால் பொருளை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். "எங்கள் கடையில் உத்தரவாதம் கிடையாது" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தாலும் இச்சட்டத்திலிருந்து ஒப்பந்தத்தின் மூலம் விலகிக்கொள்ள முடியாது என்று ஆறாம் பிரிவு சொல்கிறது.

அதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது மூன்றாம் பிரிவிலுள்ள ஒரு சிறு விளக்கம். பொருள் வெளிநாட்டில் செய்யப்பட்டு, அதைச் செய்தவருக்கு மலேசியாவில் வழக்கமான வணிக இடம் எதுவும் இல்லையென்றால், அதை இறக்குமதி செய்பவரும் விநியோகிப்பவரும் "தயாரிப்பாளர்" என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குவர். கொரியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஒருவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணுக்குச் ஷா ஆலாமிலோ பூச்சோங்கிலோ கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் தயாரிப்பாளராகவே தெரிகிறார். பெட்டியில் அச்சிட்ட உத்தரவாத வாசகம் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தும் என்பதும் 38-ஆம் பிரிவில் உண்டு. ஒன்பதாண்டில் இதைத் தெரிந்துகொண்டு எங்கள் மேசைக்கு வந்த வாடிக்கையாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரிந்து வந்தவர்களை நாங்கள் அலைக்கழித்ததில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. உங்கள் உறைக்கு இது பொருந்துமா என்பது இனிமேல்தான் வருகிறது, அது உடைந்த விதத்தைப் பொறுத்தது. இன்றைய நடுத்தர விலை உறைகளில் பல, இரண்டு பொருள்களால் ஆனவை: ஓரமும் மூலையும் வளைந்து கொடுக்கும் டிபியு என்ற பாலியுரேத்தேன், முதுகு கெட்டியான பாலிகார்பனேட். இரண்டும் சேரும் கோட்டில் பிரிந்துபோயிருந்தால், அச்சில் வார்க்கும்போது சரியாக ஒட்டவில்லை என்று கருத இடமுண்டு. மூலையின் வெளிப்புறத்தில் சிராய்ப்போ நசுங்கலோ இருந்து அங்கிருந்து விரிசல் ஓடினால், உறை எங்கோ விழுந்திருக்கிறது. பொத்தான் துளையின் கூர்மையான ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பினால், பெரும்பாலும் அடிக்கடி கழற்றி மாட்டியதால் நேர்ந்தது; ஆனால் அந்த இடம் மிக மெல்லியதாக வார்க்கப்பட்டிருந்தாலும் அப்படியே ஆகும், எனவே அங்கே இரு தரப்பும் வாதிடலாம். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் கைப்பேசியை இறுக்கிப் பிடிக்கும் தாங்கி பயன்படுத்துபவரா நீங்கள்? உணவு விநியோகம் செய்யும் தம்பிமார் கொண்டுவரும் உறைகளில் நான்கு மூலையிலும் ஒரே மாதிரி அழுத்தத் தடம் இருக்கும். அதைப் பார்த்தவுடனே சேவைப் பிரிவினர் கோரிக்கையை மறுத்துவிடுவர்.

காந்த வளையத்தைப் பொறுத்தவரை உங்கள் தரப்பு வலுவானது என்றே நினைக்கிறேன். கைப்பேசியின் முதுகில் மின்னேற்றியைக் காந்தத்தால் ஒட்டவைக்கும் மேக்சேஃப் முறையை 2020-இல் ஐஃபோன் 12-உடன் ஆப்பிள் கொண்டுவந்த பிறகு உறைகளுக்குள் காந்த வளையம் வைப்பது பரவியது. சிலர் வளையத்தைப் பிளாஸ்டிக்கின் இரு அடுக்குகளுக்கு நடுவே புதைத்து வார்க்கிறார்கள். சிலர் பசை வைத்து ஒட்டுகிறார்கள். கம்பியில்லா மின்னேற்றத்தின்போது உறை சூடாகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் சூடாகும், அந்தச் சூட்டில் மலிவான பசை இளகும். ஆனால் காந்தத்தில் வைத்து மின்னேற்றுவதற்கென்றே விற்ற உறை அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதுதானே எதிர்பார்ப்பு. ஆகவே கடிதத்தில் மூலைப் பிளவைவிட வளையத்தை முதலில் எழுதுங்கள். பிளவை மட்டும் எழுதினால் "விழுந்திருக்கும்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். வளையம் விழுந்ததால் பெயர்ந்தது என்று சொல்வது அவ்வளவு எளிதன்று.

எவற்றுக்கு உத்தரவாதம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெளிந்த உறை மஞ்சளாவது அழுக்கன்று, கழுவினாலும் போகாது. புற ஊதாக் கதிரும் வெப்பமும் பட்டு டிபியு வேதிமாற்றம் அடைவதால் வருவது. நம் ஊர் வெயிலில் அது விரைவாகவே நடக்கும், ஏறக்குறைய எல்லா நிறுவனமும் அதை இயல்பான தேய்மானம் என்று ஒதுக்கிவிடும். பெட்டியில் "மஞ்சளாகாது" என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது அது விவரிப்புக்குப் பொருந்தாத பொருள் என்று கேட்கலாம். செயற்கைத் தோல் உறை பொரிந்து உதிர்வது ஈரக்காற்றால். கொசு விரட்டி மருந்திலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கிருமிநாசினி தடவிய கையோடு எடுப்பதும் பாலிகார்பனேட்டுக்கு நல்லதன்று. இன்னொன்று, "இராணுவத் தரச் சோதனை" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாதிடுகிறவர்கள் உண்டு. மில்-எஸ்டிடி-810 என்ற அந்த முறையில், நான்கடி, அதாவது ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை விழவைக்கிறார்கள்; ஆனால் அந்த 26 விழுதல்களை ஐந்து மாதிரிகள்வரை பகிர்ந்துகொள்ளலாம், தரையும் பல சோதனைகளில் கான்கிரீட்டின்மேல் வைத்த ஒட்டுப்பலகைதான். அமெரிக்கப் படைத்துறை எந்த உறைக்கும் சான்றிதழ் தருவதில்லை. சோதிப்பது தயாரிப்பாளரோ அவர் அமர்த்திய ஆய்வுக்கூடமோ. பெட்டியிலுள்ள அந்தச் சொல்லை உங்கள் வாதத்தின் முதுகெலும்பாக ஆக்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உறையைக் கைப்பேசியிலிருந்து கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பல உறைகளில் சுண்டுவிரல் நகமளவு ஒரு வட்டம் பதிந்திருக்கும்; சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அதன் இருபுறமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அம்பு காட்டும் எண்ணே அதை வார்த்த மாதம். அச்சுத் தொழிலில் எல்லாரும் அறிந்த இக்குறி வாங்குபவர் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. ஒருமுறை, மூலை பிளந்த உறை ஒன்றை விழுந்த சேதம் என்று சொல்லி நானே திருப்பி அனுப்பினேன். அதே மாதத்தில் அதே இடத்தில் பிளந்த இன்னும் ஏழு உறைகள் மேசைக்கு வந்தபோதுதான் எல்லாவற்றிலும் அம்பு ஒரே எண்ணைக் காட்டுவதைக் கவனித்தேன். முதலாமவரை அழைத்து மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தோம். அவர் தம் கடிதத்தில் அந்த வட்டத்தின் படத்தை வைத்திருந்தால் நான் முதலிலேயே கேள்வி கேட்டிருப்பேன்.

உறை உண்மையானதா என்பதையும் இந்தக் கட்டத்தில் சரிபார்த்துவிடுங்கள். போலி என்றால் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. சண்டை முழுவதும் விற்றவரோடுதான், அங்கே உங்கள் நிலை வலுவாகிறது. பெட்டியிலுள்ள பட்டைக் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்கள் ஒரு சிறு தடயம்: 880 என்றால் தென்கொரியாவில் பதிந்த எண், 489 ஹாங்காங், 690 முதல் 699 வரை சீனா, 955 மலேசியா. அது எண் எங்கே பதியப்பட்டது என்பதைக் காட்டுமே தவிர, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது; கொரிய நிறுவனத்தின் உறை சீனாவில் செய்யப்பட்டிருந்தால் அதில் சூது எதுவும் இல்லை. ஒட்டுத்தாளில் சுரண்டிப் பார்க்கும் எண் இருந்தால் அதை நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். அத்தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், பெட்டியிலுள்ள கட்டக் குறியீட்டை (கியூஆர்) வருடிப் போக வேண்டாம், போலிப் பெட்டியில் போலித் தளத்துக்கே வழி காட்டியிருப்பார்கள்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று தயங்கியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை, ஏனென்றால் மறுமுனையில் படிப்பவருக்கும் அது பெரும்பாலும் தாய்மொழியாக இருக்காது. நீண்ட கடிதத்தைவிட ஆறு சிறு வாக்கியங்கள் நன்றாக வேலை செய்யும். உறையின் முழுப் பெயரும் நிறமும் எந்தக் கைப்பேசிக்கானது என்பதும் முதல் வாக்கியம். எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தப் பெயருள்ள கடையில் வாங்கினீர்கள் என்பதும் ஆர்டர் எண்ணும் இரண்டாவது. வளையம் எப்போது பெயர்ந்தது, மூலை எப்போது பிளந்தது என்பது மூன்றாவது. அது விழவில்லை என்றால், விழவில்லை என்ற உண்மை நான்காவது. மாற்று உறை வேண்டும் என்ற கோரிக்கை ஐந்தாவது. மலேசிய முகவரி ஆறாவது. "மாற்றித் தாருங்கள், இல்லையேல் பணம், இல்லையேல் தள்ளுபடி" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள். கேட்டால் அவர்களுக்கு மலிவானதைத்தான் தருவார்கள். நாம் "கேசிங்" என்று சொல்வதை அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதும்போது "கேஸ்" என்றே எழுதுங்கள். கேசிங் என்றால் கைப்பேசியின் உடற்கூடு என்று எடுத்துக்கொண்டு, "அதை நாங்கள் விற்பதில்லை" என்று பதில் எழுதிய ஒரு வேடிக்கையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ஹேண்ட்போன்" என்ற சொல்லும் அவர்களுக்குப் பழக்கமில்லை. கொரியர்களுக்கு மட்டும் அது நன்றாகப் புரியும், அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படங்கள் நான்கு போதும்: உறையின் முழு முதுகு, பிளவின் அருகே ஓர் அளவுகோல் வைத்து எடுத்தது, பெயர்ந்த வளையம், உட்புறத்து வட்டம். கைப்பேசியைக் கழற்றிவிட்டு எடுங்கள். ரசீதுக்கு இணையத் தளத்தின் ஆர்டர் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். கடை தளத்தைவிட்டுப் போய்விட்டால் பிறகு அந்தப் பக்கமும் கிடைக்காமல் போகலாம். முக்கியமான இன்னொன்று: முதல் கடிதத்துக்கு வந்த தானியங்கிப் பதிலில் ஓர் எண் இருக்கும். இரண்டாம் முறை எழுதும்போது புதுக் கடிதம் தொடங்காமல், அந்தப் பதிலுக்கே மறுமொழியாக அனுப்புங்கள். ஒவ்வொரு நாளும் புதிய தலைப்பில் எழுதினால் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகி, ஐந்து பேர் கையில் ஐந்து துண்டாகப் பிரியும். எங்கள் மேசையில் கடைசியாக அசைந்த கோப்பு வரிசையின் கடைசிக்குப் போகும் ஏற்பாடு இருந்தது. தினமும் நினைவூட்டியவர் தினமும் தம்மையே பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுவது போதும். கடிதம் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று வாரம் காத்திருந்ததாகச் சொன்ன பலருக்கு இரண்டாம் நாளே பதில் வந்து அங்கே கிடந்தது.

அரட்டைப் பெட்டியில் ஆளோடு பேச விரும்பினால் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஹாங்காங்கும் ஷென்ஜனும் நம் நேரமே. சியோல் ஒரு மணி முன்னே. கலிபோர்னியாவில் கோடைக்காலக் காலை ஒன்பது என்பது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு, குளிர்காலத்தில் ஒரு மணி. பகலில் நீங்கள் பேசுவது பெரும்பாலும் இயந்திரத்தோடுதான். சீனப் புத்தாண்டை ஒட்டியும் அக்டோபர் முதல் வாரத்திலும் சீன நிறுவனங்களிடமிருந்து பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பதில் வந்தால் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். உறையைத் திருப்பி அனுப்பச் சொல்லாமல், கத்தரியால் இரண்டாக வெட்டிப் படம் அனுப்புங்கள் என்று சில நிறுவனங்கள் கேட்கும். திருப்பி அனுப்பும் செலவு உறையின் விலையைத் தொட்டுவிடும் என்பதால் இது நியாயமான கேள்விதான். ஆனால் மாற்று அனுப்புவோம் என்று எழுத்தில் உறுதி வரும்வரை கத்தரியைத் தொடாதீர்கள், வெட்டிய உறை வேறு யாரிடமும் சாட்சியாகாது. இரண்டாவது, தங்கள் வலைத்தளத்தில் பயன்படுத்தும் தள்ளுபடிக் குறியீடு. அத்தளம் மலேசியாவுக்கு அனுப்புகிறதா, அனுப்பும் கட்டணம் எவ்வளவு என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள். மூன்றாவது, "அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கவில்லை, எனவே எங்கள் உத்தரவாதம் பொருந்தாது" என்பது. அந்த நிறுவனம் தன் விருப்பத்தில் தரும் கூடுதல் உத்தரவாதத்துக்கு அப்படி நிபந்தனை போடலாம். "வாழ்நாள் உத்தரவாதம்" என்பதிலுள்ள வாழ்நாள் உங்களுடையதன்று, நிறுவனம் தன் விதிகளில் அந்தப் பொருளுக்கு வகுத்தது. ஆனால் மேலே சொன்ன சட்ட உத்தரவாதம் அந்த நிபந்தனையைப் பார்ப்பதில்லை, அது உங்களுக்கு விற்றவரைப் பிடிக்கிறது.

ஆகவே உங்கள் நிலையில் நான் இருந்தால், வெளிநாட்டுக்கு இன்னொரு கடிதம் அனுப்பும் அதே நாளில், பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பேன். முறையாக வந்த பொருளில் மலாயில் "டிஇம்போர்ட் ஓலே" (இறக்குமதி செய்தவர்) என்றோ "டிஎடார்கான் ஓலே" (விநியோகிப்பவர்) என்றோ தொடங்கும் சிறு ஒட்டுத்தாள் இருக்கும். அடுத்து வரும் பெயர்தான் சட்டத்தின்படி உங்கள் தயாரிப்பாளர். அவருக்கு மலாயிலேயே எழுதலாம், பள்ளியில் படித்த மலாய் இதற்குத் தாராளமாகப் போதும். கடைக்காரருக்கும் அதே நாளில் எழுதுங்கள். தளத்தின் அரட்டையிலேயே எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம், ஏனென்றால் அரட்டை தளத்தின் பதிவில் நிற்கும். 1999 சட்டத்தின் பெயரைச் சொல்லி, பதினான்கு நாளுக்குள் மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ கேளுங்கள். பதினான்கு என்பது சட்டம் வகுத்த எண் அன்று, நான் நியாயமென்று கருதும் கெடு. கடையின் பதிந்த பெயரும் எண்ணும் தெரிய வேண்டும். இணையத்தில் விற்பவர் அவற்றை வெளியிட வேண்டும் என்று 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளே வகுத்திருந்தன. பெயரை மலேசிய நிறுவன ஆணையத்தின் தேடலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தளத்தின் வழியாகவே பணத்தைத் திரும்பப் பெறும் வழி உங்களுக்கு மூடியிருக்கும். அந்தக் கெடு நாள்கணக்கில் முடிவது, உங்களுக்கோ மாதங்கள் ஓடிவிட்டன. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொருள் வந்ததும் பிரித்துச் சோதிக்காமல் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். ஷாப்பி போன்ற தளங்கள் அதுவரை பணத்தைக் கடைக்காரருக்கு விடுவிக்காமல் வைத்திருக்கின்றன; அழுத்திய பிறகு பேச்சுவார்த்தையின் தொனியே மாறிவிடும்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட். கோரக்கூடிய உச்சவரம்பு 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவை இணையத்திலும் தரலாம். இரு தரப்பும் பொதுவாக வழக்குரைஞர் இல்லாமலே வர வேண்டும். கடைக்காரரை மேசைக்கு எதிரே தனியாக உட்கார வைக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. மனு கைக்குக் கிடைத்தவுடனே, விசாரணைக்கு முன்பே, அழைத்து மாற்றித் தந்துவிடும் கடைகளை நிறைய பார்த்திருக்கிறேன். 149 ரிங்கிட்டுக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர அவர்களுக்கும் மனமிராது. மனு எழுதத் தடுமாறினால் நீங்கள் இருக்கும் பினாங்கிலேயே, 1969-இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. நீண்ட காலமாகத் தமிழிலும் வெளியீடுகள் கொண்டுவரும் சங்கம் அது; மஸ்ஜித் நெகிரி சாலையிலுள்ள அலுவலகத்துக்கு ஆவணங்களோடு நேரில் போகலாம்.

இந்த வழி வேலை செய்யாத ஓர் இடத்தையும் மறைக்கக் கூடாது. கடை சீனாவிலிருந்து நேரடியாக அனுப்பியிருந்து, பெட்டியில் மலாய் ஒட்டுத்தாள் எதுவும் இல்லையென்றால், தீர்ப்பாயம் உங்கள் பக்கம் தீர்ப்பளித்தாலும் அதை அங்கே நிறைவேற்ற நடைமுறையில் வழியில்லை. வங்கி அட்டையில் செலுத்தியிருந்தால், பரிவர்த்தனையை மறுத்து முறையிடும் ஏற்பாடு பற்றி வங்கியைக் கேளுங்கள். அதற்கும் கெடு உண்டு என்பதால் இந்த வாரமே கேளுங்கள். மின்பணப்பையில் செலுத்தியிருந்தால் வாய்ப்பு குறைவு. பிராங்கின் மாலிலோ இரவுச் சந்தையிலோ பத்து ரிங்கிட்டுக்கு வாங்கிய உறைக்கு இந்த வழிகள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அடுத்த நாளே கடைக்காரரிடம் நேரில் காட்டுவதுதான் வழி, பலர் முகம் கோணாமல் மாற்றித் தருவார்கள். உங்களுடையது 149 ரிங்கிட், நான்கே மாதம், இரண்டு குறை. எழுத வேண்டிய மூன்று கடிதமும் சேர்ந்து ஒரு மாலைப் பொழுதைத்தான் எடுக்கும்.

பெட்டியின் பின்புறத்து ஒட்டுத்தாளையும் உறையின் உட்புறத்து வட்டத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள். உங்கள் பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவற்றை மறைத்துவிட்டுப் போடுங்கள். இறக்குமதியாளர் யார், உறை எந்த மாதத்தில் வார்க்கப்பட்டது என்பதைப் பார்த்து, அவருக்கு அனுப்ப வேண்டிய மலாய்க் கடிதத்தை எழுத உதவுகிறேன்.